நீர்யானைக்கு வாய் தேடிய பல் டாக்டர்

உலகத்தில் எதையாவது சேர்த்து வைக்கிறவர்கள் பல வகை. தபால்தலை சேர்ப்பவர், பழைய நாணயம் சேர்ப்பவர், காலி பாட்டில் சேர்ப்பவர், சொந்தக்காரர்களின் குறைகளை வருடக்கணக்கில் சேர்த்து வைத்துக் கல்யாண வீட்டில் மொத்தமாக அவிழ்த்து விடுபவர் என்று எத்தனையோ பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களால் ஊருக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆனால் ஹாலிவுட் மலைக்கு இந்தப் பக்கம், எங்கள் க்ளெண்டேலிலும் அடுத்த ஊரான பர்பாங்க்கிலும் தெருவுக்கு ஒருவராக நடமாடும் ஓர் இனத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நாளைக்கு எங்கேயாவது எதிர்ப்பட்டால் தப்பிப்பதற்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த இனத்தின் பெயர், கார்ட்டூன் ஒரிஜினல் சேர்க்கப் புதிதாக ஆரம்பித்தவர்.

'புதிதாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். முப்பது வருடமாகச் சேர்க்கிறவர் சாது. கேட்டால் "ஏதோ கொஞ்சம் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் கவனிப்பார். ஆரம்பித்துச் சில மாதமே ஆனவர்தான் ஆபத்து. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவருக்கு வாழ்வு வந்தால் பட்டப்பகலில் வெள்ளைக் கையுறை போடுவார்.

அப்படி எதைத்தான் சேர்க்கிறார்கள்? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கார்ட்டூன் படம் ஒரு நொடி ஓட வேண்டுமானால் டஜன் கணக்கில் சித்திரம் வேண்டும். ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாளில் முன்பக்கம் மையால் கோடு இழுத்து, பின்பக்கம் வர்ணம் பூசி, காயவைத்து, கேமராவுக்கு அடியில் வைத்து ஒரு க்ளிக். அத்தோடு அதன் ஜென்மம் முடிந்தது. அப்புறம் அது வெறும் குப்பை. வேலை முடிந்த தாள்களைத் தரையில் பரப்பி, அதன் மேல் வழுக்கி விளையாடினார்கள் என்று எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் சொல்வார்கள். தப்பித் தவறிப் பிழைத்த அந்தக் குப்பைக்குத்தான் இன்றைக்கு ஏலம், கண்ணாடிச் சட்டம், இன்ஷூரன்ஸ், பொறாமை எல்லாம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் நீங்களும் நானும் படத்தைப் பார்ப்போம். இவர் சட்டென்று திருப்பி அதன் முதுகைப் பார்ப்பார். வர்ணம் பூசியிருப்பது அங்கேதானே! பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். தாளின் அடியில் இருக்கும் துளைகளை எண்ணுவார். கடைசியாக மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். பழைய தாள் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்குமாம். ஊறுகாய் ஜாடியைக்கூட யாரும் இவ்வளவு பக்தியாக முகர்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முதுகைக் காட்டுவது மரியாதை இல்லை என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் வீட்டில் முதுகைக் காட்டினால்தான் மரியாதை. முன்பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பினால் உங்களை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

இவர்களுக்கென்று சில மந்திரங்கள் உண்டு. "கண்ணு தொறந்திருக்கா?" என்பது ஒன்று. சித்திரத்தில் இருக்கும் முயல் கண்ணை மூடியிருந்தால் விலை பாதி. "பின்னணி சொந்தமா, இரவலா?" என்பது இன்னொன்று; முயலுக்குப் பின்னால் இருக்கும் மரமும் வானமும் அதே காட்சியுடையதா என்று கேள்வி. "அப்பவே எடுத்திருக்கணும்" என்பது அடிக்கடி, பெருமூச்சோடு. எல்லாவற்றுக்கும் மேலாக "என் கலெக்‌ஷன்". அந்தக் கலெக்‌ஷனில் இருப்பது ஒன்றே ஒன்றாக இருக்கும். ஒரு கோழி வைத்திருப்பவர் யாராவது அதைப் பண்ணை என்று சொல்கிறாரா?

எங்கள் பக்கத்து வீட்டு டாக்டர் வார்த்தான் கெஷிஷியான் இந்த இனத்தில் முதல் தரம். ஆர்மீனியர், எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆர்மீனியர்தான். தொழில், பல் வைத்தியம். கைராசிக்காரர். ஊசி இறங்குவதும் தெரியாது, பல் வெளியே வருவதும் தெரியாது. முன்பெல்லாம் அவர் வாயிலிருந்து வார்த்தை வருவதும் தெரியாது. "திறங்க, மூடுங்க, கொப்பளிங்க" என்ற மூன்று சொல்லோடு சிகிச்சை முடிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் யாரோ விட்டுப்போன பத்திரிகை ஒன்றில், கார்ட்டூன் ஒரிஜினல் சேர்க்க ஆரம்பிப்பது எப்படி என்ற கட்டுரையை இரண்டு பல்லுக்கு நடுவே படித்துத் தொலைத்தார். முதல் பல் வேறு யாருடையதோ. இரண்டாவது பல் என்னுடையது.

என் வாயைத் திறந்து, பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டி, நான் இனி எங்கேயும் போக முடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஆரம்பித்தார்.

"பக்கத்து வீட்டுக்காரரே, சின்ன வயசுல சனிக்கிழமை காலைல டிவியில தீயணைப்பு வீரர் வாட்டில்ஸ் பார்த்திருக்கீங்களா? நீர்யானை. சிவப்புத் தொப்பி. தீயணைப்பு வண்டியில ஏறுனா வண்டி பின்னாடி சாஞ்சிடும்."

"ஆ," என்றேன்.

"அதேதான்! எவ்வளவு சந்தோஷமா ஞாபகம் வெச்சிருக்கீங்க! மனசுக்குப் பிடிச்சதை வாங்குன்னு ஒரு கட்டுரையில போட்டிருக்கான். நான் வாட்டில்ஸைத்தான் வாங்கப் போறேன். ஞாயித்துக்கிழமை பாசடேனா சந்தைக்கு என்கூட வர்றீங்க, சரிதானே?"

"ஆ, ஆ!" என்று தலையை ஆட்டி மறுத்தேன்.

"இவ்வளவு ஆசையா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பழைய கார் விளக்கு, மேஜை விளக்கு, கௌபாய் தொப்பி எல்லாம் பரப்பியிருக்கும் வரிசையைத் தாண்டி, க்ளைட் என்ற தாடிக்காரர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கார்ட்டூன் தாள்கள் விற்றுக்கொண்டிருந்தார். வாட்டில்ஸ் இருந்தது. குண்டு உடம்பு, சிவப்புத் தொப்பி, ஒரு கையில் தண்ணீர்க் குழாய். டாக்டர் கட்டுரையில் படித்த அத்தனையையும் வரிசையாகச் செய்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். துளைகளை எண்ணினார். முகர்ந்தார். மூலையில் இருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியால் படித்தார். கண் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. "முதல் தரம்," என்று என் காதில் சொன்னார். க்ளைட் விலை சொன்னார். டாக்டர் பேரம் பேசாமல் கொடுத்தார். பேரம் பேசாமல் கொடுப்பது எங்கள் தெரு ஆர்மீனியர்களின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே அவர் மனைவி சிரானுஷின் தாய்மாமன் வரைந்த அரராத் மலை தொங்குகிறது. ஆர்மீனியர்களுக்கு அது நம் கைலாசம் மாதிரி; எங்கள் தெருவில் அரராத் மலைப் படம் இல்லாத ஆர்மீனிய வீடு கிடையாது. ஆனால் இந்த வீட்டு மலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மாமா கொன்யாக் பிராந்தி குடித்துவிட்டு வரைந்தார் என்று டாக்டர் சொல்வார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலையே அப்படித்தான் இருக்கும் என்று சிரானுஷ் சொல்வார். மலையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நீர்யானையை ஏற்ற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சுவரும் டாக்டருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஒரே ஒரு சுவர். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சிரானுஷ் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்பானவர். பெயருக்குப் பின்னால் 'ஜான்' என்று சேர்த்தால் அவர்கள் மொழியில் செல்லம். சிரானுஷ் கோபத்திலும் அதை விடமாட்டார். எவ்வளவு அடிக்கடி சேர்க்கிறார் என்பதை வைத்து எவ்வளவு ஆபத்து என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

டாக்டர் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கையுறை போட்டு, நீர்யானையை எடுத்து வைத்தார். சிரானுஷ் ஒரு தடவை பார்த்தார்.

"வார்த்தான் ஜான், இதுக்கு வாய் எங்க?"

நானும் டாக்டரும் குனிந்தோம். பெரிய மூக்கு இருந்தது. மூக்குத் துவாரம் இரண்டு இருந்தன. அதற்குக் கீழே பிசைந்து வைத்த மாவு மாதிரி வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது. காலையிலிருந்து மாலை வரை ஊரார் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், முதுகைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், வாயைப் பார்க்கவில்லை. அதுவும் எந்த மிருகத்துக்கு? நீர்யானைக்கு! வாயை எடுத்துவிட்டால் அந்த ஜீவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

"மூடி வெச்சிருக்கு," என்றார் டாக்டர்.

"மூடினா கோடு இருக்கணும் ஜான்."

"கலைஞர் அப்படி யோசிச்சிருக்கார்."

"வார்த்தான் ஜான். நீ பல் டாக்டர் ஜான்."

நான்கு ஜான் ஆகிவிட்டது. நான் என் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் க்ளைட்டுக்குப் போன் போட்டதில் விஷயம் தெரிந்தது. டிவி கார்ட்டூனில் செலவைக் குறைக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். பாத்திரம் நின்ற இடத்தில் நின்று பேசுகிற காட்சியில், உடம்பை ஒரே ஒரு தாளில் வரைந்து கீழே வைத்துவிடுவார்கள். வாயை மட்டும் திறந்த வாய், மூடிய வாய், வட்ட வாய் என்று தனித்தனித் தாளில் வரைந்து அதன்மேல் மாற்றி மாற்றி வைப்பார்கள். ஓர் உடம்புக்குப் பத்துப் பன்னிரண்டு வாய். நமக்கு இருக்கிற ஒரு வாயை வைத்துக்கொண்டே நாம் படாத பாடு படுகிறோம்! டாக்டர் வாங்கி வந்தது உடம்புத் தாள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏமாந்தோமே என்று தலையில் கை வைத்திருப்பார்கள். இந்த இனம் வைக்காது. அடுத்த தடவை நான் நாற்காலியில் சாய்ந்தபோது டாக்டர் பளிச்சென்று இருந்தார். "வாயோட இருக்கிறது ஊர்ல எவ்வளவோ கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரரே. வாய் இல்லாதது ரொம்ப அபூர்வம்." வாங்குவதற்கு முன்னால் குறையாக இருப்பதெல்லாம் வாங்கிய பிறகு அபூர்வமாகிவிடும். இது அவர்கள் வேதத்தின் முதல் வரி.

ஆனால் கணக்கு டீச்சரிடம் வேதம் செல்லவில்லை. சிரானுஷ் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொன்னார். "வாய் வரட்டும், சுவர் தர்றேன். அதுவரைக்கும் என் மாமா மலையில யாரும் கை வைக்கக் கூடாது. வாயில்லாத ஒண்ணைப் பார்த்துக்கிட்டு என்னால சாப்பிட முடியாது."

அன்றிலிருந்து டாக்டர் வாய் தேட ஆரம்பித்தார். சேர்க்கிறவர்கள் கூடும் இணையதளங்களில் எல்லாம் 'நீர்யானை வாய் தேவை, நல்ல விலை தரப்படும், டாக்டர் கெஷிஷியான், பல் மருத்துவர்' என்று விளம்பரம் கொடுத்தார். பல் செட் விற்கிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மிருகக்காட்சிசாலைக்காரர் போன் செய்து, தங்களிடம் உயிரோடு இருக்கும் நீர்யானைக்குக் கடைவாயில் வலி, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். க்ளினிக்கில் வாய் திறந்த ஒவ்வொருவரிடமும் டாக்டர் விசாரித்தார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும். நடுவில் க்ளைட் இரண்டு வாய்கள் கொண்டுவந்தார். ஒன்று நரியின் வாய். இன்னொன்று சூரியனின் வாய். டாக்டர் சூரியனின் வாயைக்கூட ஒருமுறை நீர்யானைமேல் வைத்துப் பார்த்தார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கஷ்ட காலத்தில் மனிதன் எதைத்தான் செய்யமாட்டான்?

நாளாக ஆக அவர் முகம் வாடியது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே சாய்ந்த மலை. அலமாரியில் வாயில்லாத நீர்யானை. "அது என்னமோ சொல்ல வருதுன்னு எனக்குத் தோணுது," என்று ஒருநாள் வேலி ஓரமாக நின்று என்னிடம் சொன்னார். அப்போது நான் சிரிக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

கடைசியில் க்ளைட்தான் தகவல் கொண்டுவந்தார். பர்பாங்க்கில் லொரெய்ன் டட்டில் என்றொரு அம்மாள், போக்குவரத்துக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், வாட்டில்ஸின் வாய் ஒன்று வைத்திருக்கிறார். மூலையில் இருக்கும் எண்கூட அதே காட்சியின் எண்தான்.

நான் காரை ஓட்டினேன். டாக்டர் நீர்யானையை மடியில் படுக்க வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

லொரெய்ன் அம்மாள் வீட்டுக் கணப்புக்கு மேலே, தங்க நிறச் சட்டத்தில், பெரிய வெள்ளை அட்டையின் நட்டநடுவே வாய் தொங்கியது. வாய் மட்டும். அகலத் திறந்து, ரோஜா நிற நாக்கோடு, நான்கு பல்லோடு. சுற்றிலும் ஒன்றுமே கிடையாது. நீங்கள் பார்த்தால் பயந்திருப்பீர்கள். டாக்டரின் கண் கலங்கிவிட்டது.

"உங்ககிட்ட இருக்கிற அந்த உதிரி பாகத்தைக் குடுத்தீங்கன்னா," என்று ஆரம்பித்தார்.

"எது உதிரி பாகம்?" அம்மாளின் குரலில் கோர்ட் கேட்டது. "அந்தக் காட்சியில பேசுறது எது டாக்டர், வாயா, வயிறா? முக்கியமானது எங்கிட்ட இருக்கு. மிச்சம் மீதிதான் உங்ககிட்ட இருக்கு. நீங்க அதைக் குடுத்துட்டுப் போங்க, நல்ல விலை போட்டுத் தர்றேன்."

"மேடம், உடம்பு இல்லாம வாயை மட்டும் வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"வாய் இல்லாத உடம்பு எங்க கோர்ட்டுக்கு நிறைய வரும். சும்மா நிக்கும். ஃபைன் கட்டிட்டுப் போயிடும். அதை யாராச்சும் ப்ரேம் போடுவாங்களா?"

"எங்க வீட்டுக்காரி சுவர் தரமாட்டேங்குறா மேடம்."

"எங்க அண்ணன் வரும்போதெல்லாம், இது நத்தையான்னு கேக்குறாரு. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய் வைத்திருப்பவர் உடம்புக்கு ஏங்குகிறார். உடம்பு வைத்திருப்பவர் வாய்க்கு ஏங்குகிறார். விற்கச் சொன்னால் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். சரி, சேர்த்து வைத்தாவது பார்ப்போம் என்றேன். நான் அன்று பேசிய ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

அம்மாள் ஒரு மரப்பலகை கொண்டுவந்தார். அதில் மூன்று முளைகள். தாளின் துளைகளை அந்த முளைகளில் மாட்டினால் தாள் இம்மியும் அசையாது. வரைந்தவர்களும் அப்படி மாட்டித்தான் வரைந்தார்கள். முதலில் டாக்டர் உடம்பை மாட்டினார். சட்டத்திலிருந்து பிரித்தெடுத்த வாயை அம்மாள் அதன்மேல் மாட்டினார்.

வாட்டில்ஸ் வாயைத் திறந்து எங்களைப் பார்த்தார். என்னவோ கத்திக் கூப்பிடுகிறார். தீயா, தண்ணீரா, தெரியாது. ஆனால் அந்தக் குண்டு உடம்பு முழுக்க அந்த வாய்க்காகத்தான் சாய்ந்து நிற்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த அகன்ற கண்களுக்கும் அப்போதுதான் அர்த்தம் வந்தது. அத்தனை நேரம் கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே சந்தோஷம் பொங்கியது. மூன்று பேரும் சனிக்கிழமைக் காலைக் குழந்தைகளாகி, பலகையைச் சுற்றி நின்றோம்.

முதலில் தெளிந்தவர் டாக்டர். குனிந்து உற்றுப் பார்த்தார். "கீழ் இடது பல்லுல சொத்தை."

"அது வர்ணம் உரிஞ்சிருக்கு," என்றார் அம்மாள்.

"அடைச்சிடலாமா? ஒரு நிமிஷ வேலை."

"தொட்டீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

பிறகு அம்மாள் எலுமிச்சை ஜூஸும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். தான் ஒரு பிஸ்கட்டை எடுத்து, ஜூஸில் ஊறவைத்து, வலது பக்கமாகவே ஒதுக்கி மென்றார். டாக்டர் தன் ஜூஸைக் கீழே வைத்தார். அந்தக் கணத்தில் சேர்க்கிறவர் மறைந்து பழைய டாக்டர் வந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

"எத்தனை நாளா இடது பக்கம் மெல்லாம இருக்கீங்க?"

அம்மாள் மிச்ச பிஸ்கட்டைத் தட்டில் போட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ராத்திரி வலிக்குதா?"

"நான் கோர்ட்ல எத்தனையோ ரௌடிங்களைப் பார்த்திருக்கேன் டாக்டர். ஒருத்தனுக்கும் பயந்ததில்ல. அந்த நாற்காலின்னா மட்டும் எனக்கு ஆகாது."

"நான் ஊசி போட்டா தெரியாது. இவரைக் கேளுங்க."

"தெரியாது," என்றேன். "பேச்சுதான் தெரியும்."

பேரம் அங்கேயே முடிந்தது. லொரெய்ன் அம்மாளின் வாயை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீர்யானையின் வாயை அம்மாள் டாக்டரிடம் விட்டுவைப்பார். சிகிச்சை முடிகிறவரை இரண்டு தாளும் டாக்டர் வீட்டில். அதற்குப் பிறகு ஆறு மாதம் பர்பாங்க்கில், ஆறு மாதம் க்ளெண்டேலில், விவாகரத்தானவர்கள் பிள்ளையைப் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி. இரண்டே தடவையில் முடிகிற சிகிச்சையை டாக்டர் எத்தனை தடவையாக இழுத்தார் என்பது தொழில் ரகசியம், நான் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். சிரானுஷ் வாக்கு மாறாதவர். போனில் செய்தி கேட்டதுமே அரராத் மலையை இறக்கித் துடைத்துச் சோபாவில் சாய்த்து வைத்திருந்தார். அது சோபாவிலும் சாய்ந்தே இருந்தது. சுவரில் ஆணி தயாராக இருந்தது. மேஜையில், கொத்துக்கறி பரப்பிச் சுட்ட மெல்லிய ரொட்டியான லஹ்மஜூனும் காபியும் சூடாக இருந்தன. நீர்யானையின் வாயைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கு வார்த்தான் ஜான். நெஜமாவே நல்லா இருக்கு. நீ ஜெயிச்சுட்ட. மாட்டு."

இந்த ஜானில் வெறும் அன்புதான் இருந்தது. டாக்டர் நீர்யானையை ஏந்திக்கொண்டு ஆணிக்கு அருகே போனார். சுவரைப் பார்த்தார். திரும்பி எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தார். மேற்கு வெயில் மேஜையைத் தாண்டி, சுவரில் ஆணி வரைக்கும் ஏறியிருந்தது. நீர்யானையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இங்கயா?"

"நீ கேட்ட இடம்தானே?"

"வெயில் படுதே சிரான்! வர்ணம் வெளுத்துடும். தாள் சுருங்கிடும். இதையெல்லாம் வெளிச்சத்துல வைக்கவே கூடாது. படுக்கப் போட்டு, இருட்டா, குளுகுளுன்னு ஒரு இடத்துல வைக்கணும்."

வாய் தேடிய மாதங்களில் மனிதர் நிறையப் படித்துவிட்டிருந்தார். ஆரம்பித்தவருக்குச் சுவர் வேண்டும். தேறியவருக்கு இருட்டு வேண்டும். ஆசைப்பட்ட சுவர் கைக்கு வந்த நேரத்தில் நம் டாக்டர் தேறித் தொலைத்துவிட்டார்.

சிரானுஷின் மேஜை விரிப்புகள் இருந்த இழுப்பறை காலியானது. உள்ளே நீர்யானை படுத்துக்கொண்டது. இழுப்பறை மூடப்பட்டது. ஆனாலும் சுவர் வெறுமையாக இருந்ததே? அதற்கும் டாக்டர் வழி வைத்திருந்தார். மறுநாள் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு கலர் நகல் எடுத்து, சட்டம் போட்டு, அதை ஆணியில் மாட்டினார்.

சிரானுஷ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த நகலைப் பார்த்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். நான் எப்போதும் அங்கேதான் இருக்கிறேன் போலிருக்கிறது.

"வார்த்தான் ஜான். சுவர்ல தொங்கப் போறது நகல்தான்னா, அன்னிக்கே ஒரு நகல் எடுத்து, அதுல பேனாவால நானே ஒரு வாய் போட்டுக் குடுத்திருப்பேனே?"

"அது ஒரிஜினல் ஆகாதே!" என்று டாக்டர் துடித்துப்போனார்.

"இது?"

"இது ஒரிஜினலோட நகல்!"

கணக்கு டீச்சர் சுவருக்கு அருகே போனார். ஆணியிலிருந்து நகலை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். சோபாவிலிருந்து மலையை எடுத்து ஆணியில் மாட்டினார். உட்கார்ந்து முந்தின நாள் மிச்சமிருந்த லஹ்மஜூனைச் சாப்பிட்டார். இப்போது அந்த நகல் க்ளினிக்கில், நாற்காலியில் சாய்ந்தால் நேர் எதிரே தெரிகிற இடத்தில் தொங்குகிறது. நோயாளிகள் அதைப் பார்த்ததும் சொல்லாமலே வாயைத் திறக்கிறார்கள்.

ஆக, எல்லாம் கிடைத்தபின் டாக்டர் ஓய்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் பஞ்சும் குழாயும் மாட்டிய பிறகு குனிந்து, புது மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, ரகசியக் குரலில் சொன்னார்.

"பக்கத்து வீட்டுக்காரரே, அந்தக் காட்சியைத் தேடிப் பிடிச்சுப் போட்டுப் பார்த்தேன். வாட்டில்ஸ் காலுக்குக் கீழ தரையில ஒரு நிழல் விழுது. நம்ம உடம்புத் தாள்ல நிழல் இல்ல. வாய்த் தாள்லயும் இல்ல. அப்படின்னா அதுக்கு மூணாவது தாள் ஒண்ணு இருக்கணும்!"

"ஆ," என்றேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நல்லவேளை, நம் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள். ஆனால் மனதைத் தொட்டு ஒன்று சொல்லுங்கள். சற்று முன்பு, மூணாவது தாள் என்று டாக்டர் சொன்னாரே, அப்போது அவரை எண்ணிச் சிரித்தீர்களா, அல்லது அந்த நிழல் இப்போது யாரிடம் இருக்கும் என்று யோசித்தீர்களா?